சந்தை எங்கே என்று கேளுங்கள்!

(முள்ளிப்பட்டில் இஷா தொழுகைக்குப் பின் இளைஞர்கள், பட்டு ஜவுளி வியாபாரிகள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைக்கு நான் அரசியல் பேச வரவில்லை. வாசலில் ஒரு தம்பி, "ஹஜ்ரத், தேர்தலைப் பற்றித்தானே?" என்று கேட்டார். தேர்தலைப் பற்றிப் பேச நாட்டில் ஆள் பஞ்சம் இல்லை. நான் பேச வந்தது உங்கள் கடையைப் பற்றி, பக்கத்துத் தெருவில் ஓடும் தறியைப் பற்றி. 'மூன்று நாள் பயிற்சி', 'தொழில்முனைவோர் சந்திப்பு' என்று இப்போது வாரம் ஒரு நோட்டீஸ் வருகிறதே, அதைப் பற்றி.

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனா வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. அவரைச் சகோதரராக ஏற்ற ஸஅத் பின் ரபீஉ (ரலி), தம் சொத்தில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வந்தவர் அவருக்காக துஆ செய்துவிட்டு, இந்த ஊரில் சந்தை எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார். பனூ கைனுகா சந்தைக்கு வழி காட்டினார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று லாபத்தோடு திரும்பினார். பின்னாளில் அவர் எவ்வளவு பெரிய செல்வந்தரானார் என்பதை நம் மதரஸாவில் ஓதும் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

இந்தச் சம்பவத்தை ஜும்ஆ மேடையில் சொல்லும்போது ஸஅதின் தாராளத்தைச் சொல்லி உருகுகிறோம். சந்தை எங்கே என்ற கேள்வியை மட்டும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அந்தக் கேள்வியில் எவ்வளவு இருக்கிறது! யார் விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், எந்தச் சரக்கு இல்லாமல் ஜனங்கள் தவிக்கிறார்கள், யாருடைய வாக்கை நம்பலாம்? ஊருக்குப் புதியவனுக்கு இவ்வளவும் தெரிந்தால் போதும், பிழைத்துக்கொள்வான். சந்திப்பு என்றும் பயிற்சி என்றும் இன்று சொல்வதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தந்தால்தான் பிரயோஜனம்.

பதினெட்டுப் பொன்னாடை

முதலில் நம் குறையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் நாங்களே தொழில் வழிகாட்டிக் கூட்டம் ஒன்று போட்டோம். அழைப்பிதழில் பதினெட்டுப் பெயர்கள். காலை 10 மணிக்கு ஆரம்பித்து லுஹர் பாங்கு சொல்லும்வரை பொன்னாடை போர்த்தியே பொழுது போனது. கடன் திட்டங்களைச் சொல்ல வந்தவர் காத்திருந்து காத்திருந்து கிளம்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிரியாணி நன்றாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

கூட்டம் கலையும் நேரத்தில் நெசவாளர் ஒருவர், வயதானவர், என்னிடம் வந்தார். "அய்யா, உத்யம்னு யாரோ சொன்னாங்களே, அதை எங்கே எழுதிக் கொடுக்கணும்?" என்று கேட்டார். மேடையில் இருந்த பதினெட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் மகனிடம் கேட்டேன். "அத்தா, ஆதார், பான் கார்டு இருந்தா செல்போனிலேயே பதியலாம். காசு கிடையாது. 2020 ஜூலையிலிருந்து இருக்கு" என்றான். அரை மணி நேர வேலை! அதைச் செய்து கொடுக்க ஒரு பையனை வாசலில் உட்கார வைத்திருந்தால், அன்று வந்தவர்களில் ஐம்பது பேராவது கையில் பதிவுச் சான்றோடு வீடு திரும்பியிருப்பார்கள். நாங்கள் பொன்னாடைக்குச் செலவழித்தோம்.

இன்னொன்று. என் அத்தர் கடைக்காகச் சென்னையில் ஒரு தனியார் நடத்திய இரண்டு நாள் சந்திப்புக்குப் பணம் கட்டிப் போனேன். ஏ.சி. மண்டபம், கோட்டுப் போட்ட பேச்சாளர், கைதட்டல். திரும்பும்போது பையில் 47 விசிட்டிங் கார்டுகள். அந்த 47 பேர் மூலமாக ஒரு பாட்டில் அத்தராவது விற்றேனா? இல்லை! ஏன் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அங்கே எல்லோரும் விற்க வந்தவர்கள். வாங்க வந்தவர் ஒருவரும் இல்லை. சந்தை என்று பெயர் வைத்தால் சந்தை ஆகிவிடுமா?

ஆனால் எல்லாச் சந்திப்பும் வீண் என்று நான் சொல்லவில்லை. 1985இல் அமெரிக்காவில் ஆரம்பித்து நம் நாட்டுக்கும் வந்திருக்கும் பி.என்.ஐ. என்ற அமைப்பைப் பற்றி வியாபாரிகள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். வாரம் ஒரு நாள் கூடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் அளவுதான் பேச்சு. எனக்கு என்ன சரக்கு உண்டு, எப்படிப்பட்ட வாடிக்கையாளர் வேண்டும் என்று சொல்லி உட்கார வேண்டும். சந்தா கட்டும் சக்தி நம்மில் எல்லோருக்கும் இல்லை. அந்த ஒரு நிமிட ஒழுங்கை மட்டும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். நம் மேடைப் பேச்சாளர்களுக்கும் அதைக் கட்டாயமாக்கினால் சமுதாயத்துக்கு நல்லது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கட்ச் நாட்டுச் சகோதரர்கள்

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் கத்ரி சமூகத்து முஸ்லிம்கள் இருக்கிறார்கள். அஜ்ரக் என்று ஒரு துணி. மர அச்சில் ஒற்றி, அவுரியிலும் மஞ்சிட்டியிலும் சாயம் ஏற்றி, கழுவி, காயவைத்து, மறுபடி ஒற்றி, நாள் கணக்கில் உழைத்தால்தான் ஒரு துணி தேறும். நடுவில் ரசாயனச் சாயம் வந்து எல்லாவற்றையும் விழுங்கியது. தமட்கா என்ற கிராமத்தில் முஹம்மது சித்தீக் கத்ரி என்ற பெரியவர் 1970களில் இயற்கைச் சாயத்தை மீட்டெடுத்தார். மகன்களுக்கும் கற்றுக் கொடுத்தார்.

அப்புறம் 2001 ஜனவரி 26இல் பூகம்பம். தமட்கா தரைமட்டமானது. சாயத்துக்கு உயிர் தண்ணீர். அந்த ஊர்த் தண்ணீரிலோ இரும்புச் சத்து ஏறி நிறம் கெட்டுவிட்டது. அவர்கள் நிவாரணப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றதோடு நிற்கவில்லை. கூடி மஷூரா செய்தார்கள். நல்ல தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்து, புஜ் நகருக்குப் பக்கத்தில் நிலம் வாங்கி, ஒரு புது ஊரையே உருவாக்கினார்கள். ஊருக்குப் பெயர் அஜ்ரக்பூர். தொழிலின் பெயரையே ஊருக்கு வைத்தவர்கள்! சித்தீக் கத்ரியின் மகன் இஸ்மாயீல் கத்ரிக்கு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் உள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2003இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. கட்ச் அஜ்ரக்குக்கு 2024இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நான் சொல்ல வந்தது அந்தப் பகுதியில் நடந்த பள்ளிக்கூடத்தைப் பற்றி. 2005இல் கலா ரக்ஷா என்ற அமைப்பு, ஜூடி ஃப்ரேட்டர் என்ற அம்மையாரின் முயற்சியில், கைவினைஞர்களுக்கு என்றே ஒரு வடிவமைப்புப் பள்ளி தொடங்கியது. அதன் ஏற்பாட்டைக் கவனியுங்கள். ஒரு வருடப் படிப்பு. ஆனால் ஒரே மூச்சில் இல்லை. இரண்டு வாரம் தங்கிப் படிப்பார்கள், பிறகு வீட்டுக்குப் போய்த் தம் தொழிலைப் பார்ப்பார்கள். இப்படி ஆறு தடவை. நடுவில் ஆசிரியர் வீடு தேடி வந்து, படித்ததைத் தொழிலில் எப்படிப் போட்டிருக்கிறாய் என்று பார்ப்பார். பாடம் இங்கிலீஷில் இல்லை, சொந்த பாஷையில். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. நிறத்தைப் பார்க்கப் பழகுவது, வடிவத்தின் அடிப்படை, வாங்குபவர் மனதைப் படிப்பது, ஒரு கருத்தைச் சுற்றிச் சரக்குத் தயாரிப்பது, கடைசியில் அதை அடுக்கிக் காட்டிப் பேசுவது என்று படிப்படியாகப் போகும். துணி செய்ய அங்கே யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அது அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது. தம் துணியைத் தாமே புதுக் கண்ணால் பார்க்கக் கற்றுக் கொடுத்தார்கள். 2014 முதல் சோமையா கலா வித்யா என்ற பெயரில் இன்னொரு பள்ளியும் அதே வழியில் அங்கே வந்தது.

சகோதரர்களே, பயிற்சி என்றால் இப்படி இருக்க வேண்டும். தறியை நிறுத்தினால் அன்றைக்குக் கூலி இல்லை. கடையைப் பூட்டினால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அன்றாடங்காய்ச்சியை ஆறு மாதம் படிக்க வா என்று கூப்பிட்டால் எப்படி வருவான்? பயிற்சிதான் அவன் கால நேரத்துக்கு வளைந்து வர வேண்டும்.

கையெட்டும் தூரத்தில் இருப்பவை

கட்ச் வரை போக வழியில்லை என்று சொல்வீர்கள். சரி. காஞ்சிபுரத்தில் மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. இந்த மையங்கள் 1956 முதல் நாட்டில் இருக்கின்றன. டிசைன், சாயம், ஜக்கார்டு அட்டை எல்லாவற்றுக்கும் ஆலோசனை உண்டு, குறுகிய காலப் பயிற்சியும் உண்டு. பக்கத்து ஊரில் இருக்கும் இந்த வாசலை நம்மில் எத்தனை பேர் மிதித்திருக்கிறோம்? திருவண்ணாமலையில் இந்தியன் வங்கி நடத்தும் சுயதொழில் பயிற்சி நிலையம் இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக் காசில்லாமல் சொல்லித் தருகிறார்கள். இதற்கு மூல விதை 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் போடப்பட்டது. தர்மஸ்தலா கோயில் அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து போட்டன. நல்ல காரியத்தை யார் செய்தாலும் நல்லது என்று சொல்ல நம் நாக்கு கூசக்கூடாது.

சென்னை கிண்டிப் பக்கம் தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் 2001 முதல் இருக்கிறது. ஏற்றுமதி, இணைய வியாபாரம், யூடியூப் சேனல் என்று மூன்று நாள் பயிற்சிகள் அறிவிப்பார்கள். போங்கள். ஆனால் என் அத்தர் கடை அனுபவத்திலிருந்து ஒன்று சொல்லிவிடுகிறேன். போகும்போது ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். 'என் புடவையின் நிறம் செல்போன் படத்தில் மாறித் தெரிகிறது, என்ன செய்வது?' இது ஒரு கேள்வி. 'ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத நான் இணையக் கடையில் விற்கலாமா?' இது ஒரு கேள்வி. (2023 அக்டோபரிலிருந்து வரம்புக்குக் குறைவான விற்பனை உள்ளவர்கள், ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று, மாநிலத்துக்குள் விற்கலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். வெளி மாநிலத்துக்கு என்றால் அது வேறு கணக்கு.) கேள்வி இல்லாமல் போனால் சான்றிதழ்தான் கிடைக்கும். சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்து யாரும் புடவை வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

வியாபாரிகளின் பயம்

இனி வியாபாரப் பெருமக்களிடம் கொஞ்சம் மனம் விட்டுப் பேசப் போகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பேச்சுக்கு ஏற்பாடு செய்யும்போதே ஒரு பெரியவர் என்னைத் தனியாக அழைத்து, "நெசவாளிக்கு நேரா விற்கக் கத்துக் கொடுத்துட்டா எங்க கடை என்ன ஆகும் ஹஜ்ரத்?" என்று கேட்டார். நியாயமான பயம். நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன். "பாய், அவர் மகன் இப்போது எங்கே வேலைக்குப் போகிறான்?" செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனி. காலையில் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அப்பாவுக்குப் பின் அந்தத் தறியில் உட்கார ஆள் இல்லை. நெசவாளி நேராக விற்றால் உங்கள் வியாபாரத்தில் ஒரு பங்கு குறையலாம். நெய்ய ஆளே இல்லாமல் போனால் எதை விற்பீர்கள்?

நெய்கிறவர்களில் பலர் நம் சகோதர சமுதாயத்தவர்கள். பாவும் ஊடையும் எடுத்துப் போய், நெய்து கொடுத்து, கூலி வாங்கிப் போகிறார்கள். அந்தப் புடவை எந்த ஊரில், யாருக்கு, என்ன விலைக்குப் போயிற்று என்பது அவருக்குத் தெரிவதில்லை. வாங்கிய பெண் நிறம் பிடிக்கவில்லை என்றாளா, எடை அதிகம் என்றாளா, அதுவும் தெரிவதில்லை. வியாபாரிக்கோ ஒரு டிசைனை மாற்றத் தறியில் எத்தனை நாள் போகும் என்பது தெரிவதில்லை. ஒருவருக்கொருவர் பேசுவது கூலியைப் பற்றி மட்டும். காஞ்சிபுரத்தைவிட எடை குறைவு, விலையும் கைக்கு அடக்கம் என்பதுதான் ஆரணிப் பட்டின் பலம். அந்தப் பலத்தை வைத்துப் புதிதாக என்ன செய்யலாம் என்று இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து யோசித்ததுண்டா?

தனித்தனியாக நின்றால் என்ன ஆகும் என்பதற்குத் தூர தேசத்து உதாரணம் வேண்டாம். வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிலைப் பாருங்கள். பாலாறு கெட்டது நம் கண்ணால் கண்டது, அதற்குச் சப்பைக்கட்டு வேண்டாம். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சுத்திகரிப்பு இல்லாமல் தோல் பதனிட முடியாது என்ற நிலை. சிறிய தொழிற்சாலை எதற்கும் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டும் வசதி இல்லை. பலர் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இணைந்தார்கள், அதனால் பிழைத்தார்கள். விடிந்தால் போட்டி போடும் ஆட்கள்தான் அவர்களும்.

நாற்பத்தைந்து நாள்

கூலி கொடுப்பதைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எத்தனையோ ஜும்ஆவில் கேட்டாயிற்று. நாட்டின் சட்டம் சொல்வதைச் சொல்கிறேன். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், எழுதி ஒப்புக்கொண்ட தவணை எதுவானாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வட்டி நமக்கு ஹராம், அது வேண்டாம், அசல் நேரத்துக்கு வந்தால் போதும்! 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரிக் கணக்கிலும் ஒரு பிடி போட்டிருக்கிறார்கள். கெடு தாண்டி இழுத்தடித்த தொகையை, கொடுத்து முடித்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். ஆடிட்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்த ஊரில் 'தீபாவளி முடிந்து பார்க்கலாம்' என்று சொல்லிப் பொங்கல் வரை இழுக்கிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. அவர்கள் சிரிக்கிறார்கள், அதனால் அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

உங்கள் பணமும் வெளியூர்க் கடைகளில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது உண்மை. வியாபாரியாக மட்டும் பதிந்திருப்பவருக்கு இந்த 45 நாள் பாதுகாப்பு இல்லை என்பதும் உண்மை. சொந்தமாகப் பாவு போட்டு உற்பத்தி செய்கிறவர் உற்பத்தியாளர் என்று பதிவு செய்தால் பாதுகாப்பு உண்டு. இதை நான் ஒரு பயிற்சி வகுப்பின் பின் பெஞ்சில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

டிசைன் திருட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. புது டிசைன் போட்டால் முதல் வேலையாக வாட்ஸ்அப்பில் விடுகிறோம். அதன் பிறகு ஐயோ, காப்பியடித்துவிட்டான் என்கிறோம். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்தால் 10 வருடம் உரிமை, மேலும் 5 வருடம் நீட்டிக்கலாம். ஆனால் பதிவுக்கு மனு போடும் முன் ஊருக்கெல்லாம் காட்டிவிட்டால் அது 'புதிது' என்ற தகுதியை இழந்துவிடும். தம்பிமார்களே, விரலை அடக்குங்கள்! அதே போல ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்று பெருமை பேசுகிறோம். அந்தப் பெயரைச் சட்டப்படி போட்டு விற்க ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய வேண்டும். பதிந்தவர் கை தூக்குங்கள் என்று கேட்க நினைத்தேன். வேண்டாம், ஃபோட்டோ எடுக்கிறார்கள்.

மாடியில் இருப்பவர்களுக்கு

சகோதரிகளே, உங்களை மறக்கவில்லை. முந்தானையில் குஞ்சம் கட்டுவது, பிளவுஸில் ஆரி வேலை, மருதாணி, தையல் என்று உங்கள் கைகளில் இருப்பது சிறிய கலை இல்லை. ஒரு கல்யாண ஜாக்கெட்டின் கூலி இன்று சில புடவைகளின் விலையை எட்டுகிறது. ஆனால் குஞ்சம் கட்டுகிறவருக்குக் கிடைப்பது எவ்வளவு? நடுவில் எத்தனை கை? ஆண்கள் கூடும் மண்டபத்தில், இரவு 8 மணிக்கு வகுப்பு வைத்தால் நீங்கள் வர முடியாது என்பது எங்கள் கூட்டத்தாருக்கு இவ்வளவு நாள் தோன்றவே இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம், காலை 11 மணியிலிருந்து 1 மணி வரை, உங்கள் தெருவிலேயே, சொல்லிக் கொடுப்பவரும் பெண்ணாக இருக்க வேண்டும். முதல் பாடம் ஆரி வேலை இல்லை, அது உங்களுக்குத் தெரியும். நூல், மணி, மின்சாரம், உங்கள் மணி நேரம், எல்லாம் சேர்த்து ஒரு ஜாக்கெட்டுக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று எழுதிப் பார்ப்பதுதான் முதல் பாடம். எழுதிப் பார்த்தால் சிலருக்கு அழுகை வரும். பரவாயில்லை, அதற்குப் பிறகு விலை சொல்லத் தைரியம் வரும்.

பேச்சை வளர்க்க விரும்பவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில், முள்ளிப்பட்டிலேயே கூடுவது என்று ஜமாஅத் பெரியவர்களிடம் பேசியிருக்கிறோம். பள்ளிவாசல் கூடத்தைத் தருகிறோம் என்றார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தரட்டும். ஆனால் நெசவாளர்கள் வரத் தயங்குவார்கள், அதனால் பொது இடமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சின்னக் கல்யாண மண்டபம் ஒன்று அந்த நேரத்தில் சும்மாதான் கிடக்கிறது. நெய்கிறவர் ஒரு புடவை கொண்டு வரட்டும். வியாபாரி திரும்பி வந்த புடவை ஒன்றைக் கொண்டு வரட்டும், ஏன் திரும்பியது என்று சொல்லட்டும். அட்டை அடிக்கிறவர், சாயம் போடுகிறவர், படம் எடுக்கும் தம்பி, எல்லோருக்கும் ஒரு நிமிடம். உத்யம் பதிய ஒரு பையன் வாசலில் உட்காருவான், என் மகன்தான். மேடை இல்லை, மைக் இல்லை, பொன்னாடை கொண்டு வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை. டீச் செலவு முதல் மாதம் என்னுடையது.

நாற்காலி போடலாமா என்று மண்டபத்துக்காரர் கேட்டார். வேண்டாம், பாய் போதும் என்றேன். புடவையை விரித்துக் காட்ட இடம் வேண்டும்.